ஏத்தன் வாழைக்குப் போட்ட வளம்

காலை ஆறு இருபது. வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளியபோது கழிப்பறைப் பீங்கானில் நீர் குமிழியிட்டு உயர்ந்து, மெல்ல இறங்கியது. குளியலறைத் தரையில் கறுத்த தண்ணீர் தேங்கியது.

"இஞ்ச வந்து பாருங்க. நேத்தும் இப்பிடித்தான் கெடந்து," என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் அடுத்த வாரம் வர இருந்தாள். வெள்ளையடித்து, கட்டிலை மாற்றிப் போட்டு, இருவரும் ஏற்கெனவே களைத்திருந்தோம்.

எல்லாம் முன்பே கண்ணில் பட்டவைதான். குளித்த தண்ணீர் போக நேரமெடுத்தது. முடி அடைத்திருக்கும் என்று கம்பி விட்டுக் குத்தினோம். சாயங்கால நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் பழி போட்டோம். மழை இல்லாத நாட்களிலும் பின்புறம் மண் நசநசத்தது. அங்கே, செப்டிக் டேங்கை ஒட்டி நின்ற ஏத்தன் வாழை மட்டும் மற்ற வாழைகளைவிடத் தடித்து உயர்ந்திருந்தது. அதன் குலையை, சபை வழக்கப்படி, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகச் சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். காணிக்கைகளை ஏலம் விட்டபோது அதற்குத்தான் போட்டி. எடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"என்ன வளம் போடுத மக்கா?" என்று உரத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஒண்ணும் போடல்ல," என்றேன், கொஞ்சம் பெருமையாக.

கழிவுநீர் லாரிக்காரர்கள் வந்து மூடியைத் திறந்தார்கள். டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தது. உறிஞ்சி எடுத்தபின், நாங்கள் குடிக்கும் கிணற்றின் பக்கமிருந்த டேங்க் சுவரில் நீளமான வெடிப்பு தெரிந்தது. அதற்குள் வாழை வேர் புகுந்திருந்தது.

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "அப்பம் வளம் இதுதானா? நாங்க ருசிச்சுல்லா தின்னோம்," என்றார். லாரிக்காரர் ஒருவர் மட்டும் சிரித்தார். மனைவி கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிக்கக் கூடாது, குளிக்கவும் வேண்டாம் என்றார்கள். அன்று மாலை மனைவி மகளிடம் போனில் பேசினாள்.

"நீ இப்பம் வரண்டாம் மக்ளே."

"கட்டிலு போட்டாச்சுன்னு சொன்னியே அம்மா?"

"கட்டிலு கெடக்கு. தண்ணிதான் கொள்ளாது."

மனைவி வெடிப்பையும் வாழை வேரையும் பற்றிச் சொன்னாள். பிறகு மகள், "வாழைய வெட்டியாச்சா?" என்று கேட்டாள்.

வெட்டினோம். புதிய டேங்கைக் கிணற்றிலிருந்து தள்ளி வீட்டின் முன்பக்கம் கட்டினோம். கிணற்றை இறைத்து, மறுபடியும் சோதனைக்குக் கொடுத்துக் காத்திருந்தோம்.

பேத்தி பிறந்தபோது மகள் களியக்காவிளையில், மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள்.