மேசையைத் தட்டிப் பேசிய பீட்டர்நெல்

டச்சு நாட்டுக் கடலோரத்தில், எங்கள் ஸேலண்ட் பக்கத்தில், பீட்டர்நெல் விஸ்ஸவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆடு வளர்ப்பவள், கடல் அணைகளைப் பராமரிக்கும் நீர் வாரியத்தில் உறுப்பினர். ஒரு வசந்த காலத்தில் வந்த பக்கவாதம் கைகால்களை விட்டுவிட்டு அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டது.

சின்னச் சொற்கள் மெல்லத் திரும்பின. எங்கள் டச்சிலோ மூன்று நான்கு சொற்களை ஒட்டி ஒன்றாக்கிவிடுவோம். அவற்றை எங்கே வெட்டுவது, எந்த அசையை அழுத்துவது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"நீளமான வார்த்தைய விட்டுடுங்க. சின்னதா மாத்திச் சொல்லலாம்" என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்.

"வாரியத்துல போயி… 'சுவர், பெரிசு, வேணும்'னு சொல்லவா? நான் குழந்தையில்ல."

அன்று முதல் ஆட்டுக்கொட்டிலில் நீளச் சொற்களைத் தனியாகச் சொல்லிப் பழகினாள். அணையைப் பலப்படுத்தும் திட்டத்துக்கு 'டைக்-வெர்-ஸ்டெர்-கிங்ஸ்-ப்ளான்' என்று பெயர். 'டைக்' வரும்போது கதவை ஓங்கிக் குத்துவாள். மற்ற அசைகளுக்கு விரலால் தொடுவாள். ஆடுகள் முதலில் மிரண்டன, பிறகு கண்டுகொள்ளவில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போட வாரியம் கூடியது. தலைவர் மரீனுஸ் அவளோடு பள்ளியில் படித்தவர்.

"எழுதினதைக் குடு, நான் வாசிச்சிடறேன். நீ ஏன் சிரமப்படற?"

"என் வாய்… என்கிட்டதான் இருக்கு. நீ உக்காரு."

எழுந்து நின்றாள். அணை உடைந்த பேரழிவை, 'டைக்-ராம்ப்' என்பதை, சொல்ல வேண்டும். 'டை'யோடு மூச்சு நின்றுபோய், பிறகு 'க்ராம்ப்' வந்தது. அப்படி வெட்டினால் தொடைப் பிடிப்பு என்று பொருள்.

"வென்னீர் ஒத்தடம் குடும்மா, சரியாயிடும்" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை பீட்டர்நெல் காத்திருந்தாள்.

"சிரிச்சாச்சா? அந்தத் தண்ணியிலதான்… எங்கப்பா போனாரு. மறுபடி சொல்றேன்."

முஷ்டி மேசையில் விழுந்தது. "டைக்." தண்ணீர் தம்ளர்கள் குலுங்கின. "ராம்ப்."

அதன்பின் ஒவ்வொரு நீளச் சொல்லுக்கும் மேசை அடி வாங்கியது. மரீனுஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதைப் பாக்காத" என்றாள். "என்னைப் பாரு."

அன்று அவள் தோற்றாள். திட்டம் தள்ளிப்போனது. வாசலில் காப்பிக் கோப்பையோடு வந்த மரீனுஸ், "நல்லாத்தான் பேசின. இனி பதவிய விட்டுட்டு ஓய்வெடுக்கலாமே?" என்றார்.

"அடுத்த கூட்டம் எப்போ?"

அடுத்த கூட்டத்திலும் அதே திட்டத்தைக் கொண்டுவந்தாள், அதற்கடுத்ததிலும். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியபோது, எதிர்த்துக் கையைத் தூக்கியிருந்த மரீனுஸே தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.