பச்சைத் தீ

அவனைக் கழுகு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தவர் விளக்கு வாடகைக் கம்பெனியின் முதலாளி. அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே, மேலே கம்பியில் தொங்கும் விளக்குகளில் எது ஒரு நூல் சாய்ந்திருக்கிறது, எது மங்கி எரிகிறது என்று சொல்லிவிடுவான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் அவன் சொன்னபடியே இருக்கும். "என் கண்ணு பொய் சொல்லாது சார்" என்று மார்தட்டிக்கொள்வான்.

அந்தக் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மரத்துக்கெல்லாம் சிவப்பு வண்ணம் பூசிவைத்தான். வாத்தியார் அந்தப் படத்தை வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். திமிரெடுத்துச் செய்தான் என்று அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அன்றைக்கு வாயை மூடியவன்தான், பிறகு அதைப் பற்றி வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்படிப்பட்டவன் விளக்கு வேலைக்கு வந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. மேடை விளக்கை இயக்குவது கணினி. திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். உலகத்தில் வேறெங்கும் நிறம் தன் பெயரைத் தானே சொல்வதில்லை; அங்கே சொன்னது. ஒரேயொரு சிக்கல். விளக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் பல சேனல்கள் உண்டு. ஒன்று வெளிச்சத்தைக் கூட்டும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று தலையைத் திருப்பும். எது எந்தச் சேனலில் இருக்கிறது என்று ஒரு ஃபைல் எழுதிக் கொடுத்தால்தான் மென்பொருளுக்கு அந்த விளக்கோடு பேசத் தெரியும். பெரிய கம்பெனி விளக்குகளுக்கு ஃபைல் மென்பொருளோடு கூடவே வந்துவிடும். முதலாளி வாங்குவதெல்லாம் ஊர்பேர் தெரியாத சரக்கு. பெட்டிக்குள் இருக்கும் தாள் ஒன்று சொல்லும், விளக்கு வேறொன்று செய்யும். அவற்றுக்கு ஃபைலைக் கையால்தான் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு சேனலாக ஏற்றி, என்ன நிறம் வருகிறது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு அவன் மனைவி இருந்தாள்.

புது விளக்கு வந்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். படுக்கையறை ஜன்னலை அடைத்துவிட்டு, சுவரைப் பார்த்து விளக்கைத் திருப்பி வைப்பான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

"இப்ப?"

"சிவப்பு."

"இப்ப?"

"நீலம். இல்லைங்க, கொஞ்சம் ஊதா மாதிரி..."

"மாதிரி கீதிரியெல்லாம் வேணாம். நீலமா ஊதாவா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க விடமாட்டான். அவள் பார்த்துச் சொன்ன விளக்குகளில் நடந்த ஒரு நாடகத்துக்குக்கூட அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. பக்கத்தில் இருந்தால் பழக்க தோஷத்தில் "இப்ப?" என்று கேட்டுத் தொலைத்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை அவளிடம் சொல்லவில்லை. "உனக்கு அங்க என்ன வேலை?" என்று மட்டும் கேட்டான்.

முதலாளி புதுக் கிடங்கு திறந்தபோது எல்லோரையும் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லியிருந்தார். அங்கேதான் வினை வந்தது. மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த மேடைத் திரையைப் பார்த்து, "இந்தப் பச்சை ரொம்ப நல்லா இருக்குங்க" என்று அவள் முதலாளியின் மனைவியிடம் சொன்னாள். "என் வீட்டுக்காரர்தான் பொறுக்கி எடுத்தார்" என்று அந்த அம்மாள் பூரித்தாள். பிறகு கழுகு பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நிபுணராச்சே. இது கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?" என்றாள்.

திரை கழுகுக்கு வெறும் மண் நிறம். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவனைக் காப்பாற்றுகிற அவசரத்தில், "பாசிப்பச்சைதானே?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அங்கேயே தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மாட்டிக்கொண்டுவிடுவோம் என்ற பதற்றத்தில் அவன் சிரித்தான். "இவ சொல்றதை நம்பாதீங்க. இவளுக்குக் கலரே தெரியாது. பச்சையைச் சிவப்பும்பா, சிவப்பைப் பச்சைம்பா. பொறவியிலேயே கோளாறு. நாந்தான் வச்சு மாரடிக்கிறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருத்தர் கைக்குட்டையை நீட்டி, "இது என்ன கலர்மா, சொல்லு பாக்கலாம்" என்றார். இன்னொருத்தர் தன் சட்டையைப் பிடித்துக் காட்டினார். அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

அடுத்த வாரம் புது விளக்குகள் வந்தன. வழக்கம்போல ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் டக் டக்கென்று பதில் சொன்னாள். "பரவாயில்லையே, தேறிட்ட" என்றான்.

அந்த விளக்குகள் ஒரு நாடகத்துக்குப் போயின. ஒத்திகையெல்லாம் பழைய விளக்குகளில் முடிந்திருந்தது. காட்சிக்கு வேண்டிய நிறங்கள் எல்லாம் கணினியில் பதிவாகியிருந்தன. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஃபைலை மாற்றினால் போதும், அதே நிறங்கள் புது விளக்கிலும் வந்துவிடும். மாற்றினான். அரங்கம் காலியாக இருந்தபோது தனியாக உட்கார்ந்து எல்லாக் காட்சியையும் ஓட்டிப் பார்த்தான். மற்றக் காட்சிகளெல்லாம் வெள்ளையும் நீலமும்தான், சிவப்பு வருவது கடைசிக் காட்சியில் மட்டும். அதில் கொஞ்சம் பிரகாசம் தூக்கலாகத் தெரிந்தது. புது விளக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மதியக் காட்சிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் கதாநாயகியின் வீடு பற்றி எரிய வேண்டும். அவள் குழந்தையைத் தேடி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். கழுகு பொத்தானை அழுத்தினான். மேடை முழுக்கப் பச்சையாயிற்று.

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்னப்பா, வீடு பாசி புடிச்சிருச்சா?" அரங்கமே வெடித்தது. நடிகை அழுதுகொண்டே நின்றாள். அவள் அழ அழச் சிரிப்பு கூடியது.

ஹெட்செட்டில் இயக்குநர் கத்தினார்: "யோவ், சிவப்பைப் போடுய்யா!"

"சிவப்புதான் சார் போட்டிருக்கேன்."

"பச்சைய்யா அது! கண்ணு அவிஞ்சு போச்சா?"

கழுகு மேடையைப் பார்த்தான். கணினித் திரையைப் பார்த்தான். திரை சிவப்பு என்று சொன்னது. மேடை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சவுண்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து, மெல்லக் கேட்டான்: "அண்ணே... இது என்ன கலர்ண்ணே?"

ஹெட்செட் மைக் திறந்திருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த முதலாளி உட்பட அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

காட்சி முடிந்ததும் முதலாளி அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆட்களைச் சுற்றி நிற்கவைத்து, விளக்கின் முன்னால் மாட்டும் கலர் தாள்களை ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது?" அவன் சொன்னான். "இது?" சொன்னான். தப்பாகச் சொன்னபோதெல்லாம் கைதட்டினார்கள்.

"அப்ப இத்தனை வருஷமா யாரு பாத்துக் குடுத்தா?"

"என் வீட்டுக்காரிதான் சார். அவதான் தப்பா சொல்லிட்டா."

முதலாளி தாள்களை மேசையில் போட்டார். "அன்னிக்கு விருந்துல அவங்களுக்குத்தான கோளாறுன்ன? சீ, நீயெல்லாம் ஒரு மனுஷன்."

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னுதான சொன்ன?"

"ஆமாங்க."

"என் பொழப்பே போச்சு. எதுக்குடி?"

"எனக்குக் கலர் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. தெரியாதவ சொன்னதை எதுக்கு எழுதினீங்க?"

கையை ஓங்கினான். அவள் நகரவில்லை, கண்ணை மூடவும் இல்லை; மடிப்பை நிறுத்தாமல் அடுத்த சட்டையை எடுத்தாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

பழைய ஃபைல்களில் எதையும் நம்ப முடியாது என்று முதலாளி பயந்தார். எல்லாவற்றையும் சரிபார்க்க அவளையே வேலைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுப் பார்த்தாள். அந்த ஒன்றைத் தவிர எதிலும் பிழை இல்லை. அது கழுகுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் நாலைந்து தப்பாக இருந்திருந்தால் அவளை ஏமாற்றுக்காரி என்றாவது சொல்லியிருக்கலாம்.

இரக்கப்பட்டு அவனையும் முதலாளி வைத்துக்கொண்டார், பெட்டி தூக்க. இருவரும் ஒரே வண்டியில் வருகிறார்கள், ஒரே வண்டியில் போகிறார்கள். ஃபைல் எழுதும் வேலை முழுக்க அவளிடம் வந்துவிட்டது.

போன வாரம் கனமான விளக்கு ஒன்று வந்தது. தாங்கி இன்னும் வரவில்லை. யாராவது நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால்தான் சுவரில் நிறம் பார்க்க முடியும். முதலாளி கழுகைக் கைகாட்டினார். அவன் தூக்கி நின்றான். அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சேனலாக ஏற்றினாள். கனம் தாங்காமல் அவன் கைகள் தாழ்ந்தன, வெளிச்சம் சுவரை விட்டு இறங்கியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேல தூக்கு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படி ஒருமையில் பேசியதில்லை. சவுண்டுக்காரர் சட்டென்று தலைகுனிந்து கேபிளைச் சுற்ற ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் மேல."

தூக்கினான்.