மால்சுக்கின் புது கிம்ச்சி ஃபிரிட்ஜ்

மால்சுக்குக்கு யாரையும் முகம் முறித்துப் பேச வராது. அதனால்தான் கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாய் வைப்பதற்கென்றே வரும் கிம்ச்சி ஃபிரிட்ஜைப் புதிதாக வாங்க வேண்டி வந்தது. பழையதில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே நாத்தனார் போட்டுக் கொடுத்த நான்கு டப்பா கிம்ச்சி இருந்தது, அவ்வளவுதான். அது கிம்ச்சியா, உப்பளமா! குப்பையில் கொட்டவும் வழியில்லை. நாத்தனார் வீடு அதே அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், குப்பைத் தொட்டிக்கு நேர் எதிரே.

புதியதைப் பொருத்த வருகிறவர்கள் பழையதைச் சும்மாவே எடுத்துப் போவார்கள். கிம்ச்சியோடு போய்த் தொலையட்டும் என்று அதன் கதவை டேப் போட்டு ஒட்டி வைத்தாள்.

வந்த இருவரும் புதியதைப் பொருத்திவிட்டுப் பழையதை முக்கி முனகித் தூக்கினார்கள்.

"என்னம்மா, காலிப் பெட்டி இந்தக் கனம் கனக்குது?"

"பழைய காலத்துச் சாமான் தம்பி, அப்படித்தான் இருக்கும்."

அவர்கள் போனதும் நிம்மதியாகக் காபி கலக்கினாள். வாயில் வைக்குமுன் மணி அடித்தது. வாசலில் அதே இருவர், ஆளுக்கு இரண்டு டப்பாவோடு.

"நல்லவேளைம்மா, வண்டியில ஏத்துறப்போ திறந்து பார்த்தோம். கிம்ச்சியை மறந்துட்டீங்களே!"

பின்னாலேயே நாத்தனார். "டப்பாவைப் பார்த்ததுமே என்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. பாவம், இந்தப் பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டேன்."

"அம்மா, கொஞ்சம் தண்ணி..." என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நாத்தனார் புது ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"அடியே, இதுல எட்டு டப்பா பிடிக்கும் போலிருக்கே! தம்பிங்களா, தண்ணி குடிச்சிட்டு என்கூட கீழ வாங்க. இன்னும் நாலு இருக்கு."