இரண்டாவது கடை

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய அகலத்தில் அவர் கடை. பவர் பார்ப்பது, லென்ஸ் தேய்ப்பது, பிரேமில் பொருத்துவது எல்லாம் அவரே. இருபது வருடமாக மனதில் ஒரே ஆசை: மெயின் ரோட்டில் ஏசி போட்டு இரண்டாவது கடை. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கண் மருத்துவர்கள் சிலர், வெளிநாட்டில் நடத்தும் இலவச முகாமுக்குச் சம்பளமில்லாமல் வர, கண்ணாடி செய்யத் தெரிந்த ஒருவரைத் தேடினார்கள்.

"மூணு வாரந்தானே, போய்ட்டு வாங்க. வெளிநாடு போனவர்னா புதுக் கடைக்கும் பேர் வரும்" என்றாள் மனைவி. அந்த எண்ணத்தோடுதான் அவரும் விமானம் ஏறினார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். காலை ஏழு மணிக்கே வரிசை மதிலைத் தாண்டிவிடும். ஊரில் கண்ணாடி மாட்டியதும் எல்லோரும் முகம் பார்க்கத்தான் ஓடுவார்கள். இங்கே யாரும் முகம் பார்க்கவில்லை. தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தையல்காரி ஒருத்தி தன் சட்டை ஓரத்தை மடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது.

"இவ்வளவு கோணலாவா தைச்சுட்டிருந்தேன், ஒருத்தரும் சொல்லலையேன்னு கேக்குறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, மனைவி ஜன்னலோரம் மாத்திரை அட்டையைக் கை நீட்டித் தூரப்பிடித்துப் படிப்பதைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா? கடைக்கு வர்றவங்களைத்தானே கேப்பீங்க!"

அவருக்குச் சுருக்கென்றது. அப்போதே கடைக்குக் கூட்டிப்போய்ப் பவர் பார்த்து, கண்ணாடி செய்து மாட்டிவிட்டார். அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, உங்களுக்கு இவ்வளவு நரைச்சிருச்சா!"

அன்று மாலை மெயின் ரோட்டுக்குப் போய், பார்த்து வைத்திருந்த இடத்தின் மூடிய ஷட்டருக்கு எதிரே வெகுநேரம் நின்றார். பார்வை மங்கியது தெரிந்தவர்கள்தான் கடை தேடி வருகிறார்கள். தெரியாதவர்களும், தெரிந்தும் சொல்லாதவர்களும் ஏசி போட்டாலும் வரப்போவதில்லை. வீட்டுக்குள் இருந்தவளே வரவில்லையே. மறுநாள் இடத்துக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அங்கே செல்போன் கடை வந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் பல மாதம் அவருக்கு வயிறெரியத்தான் செய்தது.

செவ்வாய்க்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, கண் சோதனைப் பெட்டியோடு தையல் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் வந்தது மூன்றே பேர்.

"கண்ணாடி போட்டா வயசாயிருச்சுன்னு வேலையை விட்டு நிறுத்திடுவாங்கண்ணே" என்றாள் ஒருத்தி.

பெயர் எழுத உடன் வந்திருந்த மனைவி, சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் நடுவே போய் உட்கார்ந்தாள். "என்னைப் பாருங்கடி. கண்ணாடி போட்டு எனக்கென்ன வேலையா போச்சு? உங்க பேரெல்லாம் எழுதுற வேலை புதுசா தலையில விழுந்திருக்கு!"

அடுத்த செவ்வாய் இருபத்தாறு பேர் வந்தார்கள்.

இப்போது போய்க்கொண்டிருப்பது மூன்றாவது கம்பெனி. போன வாரம் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அங்கத்திய சூப்பர்வைசர் மெல்ல வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொண்ணுங்க யாருக்கும் தெரிய வேணாம் சார்" என்றார்.