ஒரே சாடைச் சிலந்திகள்

சிலந்திகளை இனம் பிரிப்பது, ஒரே சாடையில் இருக்கும் அக்கா தங்கச்சிகளில் எவள் யார் என்று சொல்வது மாதிரி. நுண்ணோக்கியில் கண் பூத்துப்போன நம்மாட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முட்டைப் பை

கயத்தாறு பக்கம் உளுந்துப் புஞ்சையில் ஓநாய்ச் சிலந்தி தேடிக்கொண்டிருந்தேன். நெருங்கிய இனங்களை நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பெண்ணின் அடிவயிற்றில் உள்ள பிறப்புறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அதை ஸ்பிரிட்டில் போட்டுக் கொல்ல வேண்டும். முட்டைப் பையை இழுத்துக்கொண்டு ஓடிய ஒன்று குப்பியில் மாட்டியது. களை எடுத்துக்கொண்டிருந்த ஜெபமாலை அக்கா எட்டிப் பார்த்தார். நான் தயங்குவது தெரிந்ததும் அவரே மூடியைத் திறந்து விட்டார்.

"அது பெத்து முடிக்கட்டும் டீச்சர். பெறவு வந்து பிடிச்சுக்கிடுங்க."

ஆண் கிடைக்கவில்லை

மணியாச்சி அருகே ஒரு தரிசில் கிடைத்த பெண் சிலந்தி, தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம்தானா என்று உறுதிப்படுத்த ஆணும் வேண்டும். அதன் வாயருகே இருக்கும் குட்டிக் கைகளின் நுனி இனத்துக்கு இனம் மாறும். அடுத்த மழைக்குப் பிறகு போனோம். நிலத்தை நிரவிச் சோலார் தகடுகள் நட்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கும் இபுராகிம் சார் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றார்.

"இனிமே பேரு வச்சா, யாரைக் கூப்பிடப் போறோம்?"

தீப்பெட்டியில் வந்தது

ஒரு விடிகாலை, பக்கத்துத் தெரு முருகலட்சுமி, கணவர் கருப்பசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தரையில் படுத்திருந்தவருக்குக் கையில் சுருக்கென்றதாம். விளக்கைப் போட்டால் தலைமாட்டில் சிலந்தி. அதைத் தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள்.

"விஷமா டீச்சர்?"

வயிறு நசுங்கியிருந்தது, தலை தப்பியிருந்தது. லென்ஸில் பார்த்தேன். கண்கள் நாலு நாலாக இரண்டு வரிசை. கால்கள் நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்திருந்தன. சுவரில் கரப்பான் பிடிக்கும் சாது. 'பயப்படாதீங்க' என்று சொல்ல நிமிர்ந்தேன். கருப்பசாமியின் இமைகள் பாதி மூடியிருந்தன.

"தூக்கமா அண்ணாச்சி?"

"இல்ல... தொறக்க முடியல."

நாக்கு குழறியது. தீப்பெட்டியைக் கீழே வைத்தேன். இது சிலந்தி வேலை இல்லை. கட்டுவிரியன் கடித்தால்தான் வீக்கமே இல்லாமல் இப்படிக் கண் சொருகும். ஆட்டோவில் அள்ளிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். குழாயை எடுத்த அன்று வார்டு வாசலில் முருகலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான் அதைச் செருப்பால அடிச்சேன் டீச்சர். பாவம், அது ஒண்ணுமே செய்யல."

குனிந்து பார்ப்பதுதான் நம் தொழில். நல்லவேளை, அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தேன்.