பேய்வீட்டுக்கு நான் எழுதிய பலகை

இந்நோயால் வருந்தும் எவரும் தமக்கு மட்டுமே இது நேர்ந்தது என்று எண்ணக்கூடாது. நான் அவ்வாறு எண்ணி வீணே வருந்தினேன். ஆகவே இதனை எழுதிவைக்கிறேன்.

முதற்குறி செவியில் தோன்றியது. சென்ற ஆண்டு குளிர் தொடங்கி, கனடாவின் ரொறன்ரோவில் எங்கள் வீட்டு வெப்பமூட்டியை இயக்கிய நாளில், சுவர்த் துளையிலிருந்து காற்றோடு ஒரு குரலும் வந்தது. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். விடைத்தாள்களைத் திருத்துகையில் நான் இழைத்த பிழைகளை அக்குரல் ஒவ்வொன்றாகப் படித்தது. தை மாதத்துள் உணவையும் உறக்கத்தையும் இழந்தேன்.

மருத்துவமனையின் உளநலப் பிரிவில் ஐந்து கிழமைகள் (வாரங்கள்) இருந்தேன். உளப்பிறழ்வுடன் கூடிய மனச்சோர்வு (கடுந்துயரோடு, இல்லாத குரல்கள் கேட்கும் நிலை) என்றார் மருத்துவர். "இது உங்கள் குணமன்று, நோயின் குறி. மருந்தால் மெல்ல அடங்கும்" என்று அவர் சொன்னதை என் மனைவி பரமேசுவரி எழுதிவைத்து, நாள்தோறும் எனக்குப் படித்துக் காட்டினாள். குரல் அடங்கியது. அவ்விருவரையும் நன்றியோடு நினையாத நாள் இல்லை.

எங்களவர் ஒருவர் நோயுற்றால், பழங்களோடு வருத்தம் பார்க்க வருவோரால் அறை நிறைந்துவிடும். என் கட்டிலருகே எவரும் வரவில்லை. "அவர் ஒஷாவாவிலை மகள் வீட்டிலை நிக்கிறார்" என்று எல்லோரிடமும் பரமேசுவரி சொல்லியிருந்தாள். அப்படிச் சொல்லும்படி கேட்டவன் நானே.

நலம் பெற்று எட்டு மாதம் கழிந்தது. பேய்வேடம் பூண்டு விளையாடும் ஹாலோவீன் நாளுக்காக எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் இளையோர் பேய்வீடு அமைத்தனர். சங்கச் செயலாளர் தயாபரன் பலகையோடு வந்தார்.

"மாஸ்ரர், விசர் ஆஸ்பத்திரி எண்டதுதான் தீம். நல்ல தமிழிலை ஒரு பேர் எழுதித் தாங்கோ."

நான் மறுக்கவில்லை. 'பித்தர் கோட்டம்' என்று சிவப்பு மையில் நிதானமாக, அழகுற எழுதினேன். செந்தமிழ்ச் சொல் அமைந்துவிட்டதென்று மகிழ்ந்தேன். அதற்குள் அடைபடுபவன் நானும் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

பலகையைக் கொடுக்க நானும் பரமேசுவரியும் மண்டபத்துக்குச் சென்றோம். உள்ளிருந்து சங்கிலியை இழுத்தபடி, வேடமிட்ட ஒரு பெண் அலறிக்கொண்டு வந்தாள். அவள் அணிந்திருந்தது முதுகுப்புறம் முடிச்சிடும் வெளிர்நீல மருத்துவமனை அங்கி. நான் பின்வாங்கிப் பரமேசுவரியின் கையைப் பற்றினேன்.

தயாபரன் சிரித்தார். "மாஸ்ரரே பயந்திட்டார்! அப்ப எங்கடை பேய்வீடு பாஸ்!"

"உந்த உடுப்பை நான் அஞ்சு கிழமை போட்டிருந்தனான், தம்பி" என்றேன்.

சங்கிலி நின்றது.

"ஒஷாவா எண்டு பொய் சொன்னது நான்தான்" என்றாள் பரமேசுவரி. "உங்களுக்குத் தெரிஞ்சா இவரை என்னெண்டு பாப்பியளோ எண்டு பயம்."

"சொறி அங்கிள், எனக்குத் தெரியாது" என்று அப்பெண் அங்கியைக் கழற்றி மடித்தாள்.

"பேய் இருக்கட்டும் பிள்ளை. நோயாளியை மட்டும் விட்டுவிடுங்கோ" என்றேன். பலகையின் மறுபக்கத்தில் 'மூழ்கிய கப்பல்' என்று அங்கேயே எழுதினேன். அன்று மாலையே பேய்வீட்டில் இட்டிருந்த கட்டில்களைக் கவிழ்த்துக் கப்பலாக்கினர். பிள்ளைகள் நன்றாகவே பயந்தனராம்.

அடுத்த ஞாயிறு வாசல்மணி ஒலித்தது. தோடம்பழங்களும் சத்துமா அடைத்த தகரப் பேணியுமாகத் தயாபரன் தம் மனைவியோடு நின்றார்.

"வருத்தம் பாக்க வந்தனாங்கள், மாஸ்ரர்."

"அது மாறிச் சுகமாகி எட்டு மாதம், தம்பி."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நீங்கள் ஒஷாவாவிலையெல்லோ நிண்டனியள்!"

பரமேசுவரி நெடுநாளின் பின் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மேலும் நான்கு குடும்பங்கள் வந்தன. அவர்கள் தந்த சத்துமாப் பேணிகள் இன்னும் முடியவில்லை.

மருந்தால் என் விரல்கள் சிறிது நடுங்குகின்றன. எழுத்து முன்போல் நேராக நிற்பதில்லை. முன்பு ஆண்டுகளை எண்ணி வாழ்ந்தேன். இப்போது ஓர் இரவு நன்றாக உறங்கி எழுவதே எனக்கு நிறைவான காலம். இவ்வாண்டும் வெப்பமூட்டி இயங்கத் தொடங்கியது. அருகில் அமர்ந்து செவிகொடுத்தேன். காற்று மட்டுமே வந்தது.

மருத்துவச் செய்திகளிலோ என் நினைவிலோ தவறு இருக்கலாம்; மருத்துவமனை நாள்கள் சில எனக்கு நினைவில் இல்லை. அறிந்தோர் திருத்துக. என் பிழைகளைப் பிறர் வாயால் கேட்க இப்போது எனக்கு அச்சமில்லை.