சப்பரத்துக்கு முன்னால் வாசித்த கப்பல் பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். மாதா பவனியைப் பற்றிய காரியம், என் வீட்டுக்காரர் மானமும் அதில் இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் இது குறுக்கே வந்து நிற்கிறது. எழுதித் தொலைத்தால்தான் ஒழுங்காக ஜெபிக்க முடியும் போலிருக்கிறது.

புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவருக்கு அங்கே மூட்டை இறக்குகிற வேலை. கோயில் திருவிழா, கல்யாணம், அடக்கம் என்றால் பேண்டு செட்டில் சாக்ஸபோன். சாப்பாட்டு வேளையில் கப்பல் நிழலில் உட்கார்ந்து ஊதிப் பழகுவார். அதைக் கேட்டு ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரர் இறங்கி வந்து ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். அதுவும் சாக்ஸபோன்தான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அவர் வீட்டில் தட்டைப் போட்டார்கள். தெய்வமே, அது பாட்டா? ஆட்டை அறுக்கிற மாதிரி ஒரே கத்தல்.

“அண்ணாச்சி, ஊசி தேஞ்சு போச்சா?” என்று கேட்டேன்.

“ஊசி புதுசு தாயி. பாட்டுதான் இப்பிடி” என்றார் அண்ணாச்சி.

“இது ஜாஸு. எதுக்கும் கட்டுப்படாம மனசுல வாரத அப்பிடியே ஊதுதான் ஏளா” என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார்.

“மனசுல வாரத எல்லாம் ஊதுனா ஊரு தாங்குமா?”

அந்தத் தட்டோடு போயிருந்தால் எனக்கு இத்தனை தலைவலி இல்லை. அடுத்த தடவை கப்பல் வந்தபோது, அதே கலைஞரின் புதுத் தட்டையும் அந்த ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இதில் அந்தக் கலைஞர் கத்தலைக் குறைத்துக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார் என்று சொன்னாராம். உண்மைதான். ஒரு பாட்டு பிள்ளையை உறங்க வைக்கிற மாதிரி. இன்னொன்றில் சின்னச் சின்ன மணிகளும் புல்லாங்குழலும். ஒன்றில் குழலை வைத்துவிட்டு வாயாலேயே முனகுகிறார். மற்றொன்று துள்ளிக்கொண்டு ஓடும். நடுவில் பழைய ஞாபகத்தில் இரண்டு கத்தல் கத்திவிட்டு, வெட்கப்பட்டவர் போல அடங்கிவிடுவார். எனக்கே பிடித்துப்போயிற்று. அதுதான் கூடுதல் எரிச்சல்.

இவருக்கோ பித்தே பிடித்துவிட்டது. மீன் வாங்கப் போனவர் அண்ணாச்சி வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சாயந்தர ஜெபத்தில் முழங்காலில் நிற்கும்போதும் விரல்கள் ஜெபமாலை மணியை அமுக்கி அமுக்கி வாசிக்கும்.

“மாதா முன்னாலயாவது அந்த வெரல சும்மா வைங்களேன்.”

“சும்மாதான ஏளா இருக்கு.”

திருவிழா வந்தது. எங்கள் ஊரில் மாதா சிலையை வைத்துத் தூக்குகிற சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள் பேண்டைக் கேட்டுத்தான் கால் எடுத்து வைப்பார்கள். அதனால் தெரு முக்கில் சப்பரம் திரும்பி முடிகிற வரை, ஒரே மெதுவான கீதத்தையே சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். பேண்டு மாஸ்டர் முன்னாடியே எச்சரித்திருந்தார்: “ஏலே, ஒன் கப்பல் பாட்டு சப்பரத்துக்கு முன்னால வந்துச்சு, செட்டுல ஒனக்கு எடம் கெடையாது.” பேண்டு செட்டுக்காரர்கள் போடுகிற அந்தச் சிவப்புக் கோட்டு இல்லாமல் இவர் எப்படி இருப்பார்? போகும்போது நானும் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார்.

முக்கு வந்தது. கீதம் சுற்றிச் சுற்றி வந்தது. எத்தனையாவது சுற்றோ, இவருடைய குழல் மெல்ல நழுவி அந்தத் துள்ளல் பாட்டுக்குப் போய்விட்டது. முன்னால் தூக்கினவர்கள் கால் எட்டிப்போட, பின்னால் இருந்தவர்கள் டிரம்மைக் கேட்டுப் பழைய நடையிலேயே நிற்க, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலை சரிந்து, ஒரு கண்ணாடி விளக்கு உடைந்தது. பெண்கள் “மாதாவே!” என்று அலறினோம். மாஸ்டர் டிரம்மை ஓங்கி அடிக்கவைத்து நடையை மீட்டார்.

மறுநாள் காலை கோயில் முற்றத்தில் விசாரணை. பின்னால் தூக்கினவர் ஒருவர் தோளைக் காட்டினார். “முன்னால உள்ளவன் கல்யாணத்துக்குப் போற மாதிரி ஓடுதான். நாங்க அடக்கத்துக்குப் போற மாதிரி நிக்கோம். மொத்தப் பாரமும் எங்க மேல!”

“காலு தானா போச்சு, நாங்க என்ன செய்ய? பாட்டு நல்லாத்தான இருந்துச்சு?” என்றார் முன்னால் தூக்கினவர்.

பங்குச் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டருக்கு வரவில்லை. “இவன் இருந்தா நான் இல்ல சாமி” என்று முடித்துவிட்டார். இவர் விசாரணைக்கும் போட்டு வந்திருந்த சிவப்புக் கோட்டைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தார். நான் தூணில் முகத்தை வைத்து அழுதேன். ஆத்திரம் பாதி, பாவமாக இருந்தது பாதி.

அப்போது சாமியார் சொன்னார்: “பவனியோட கடைசியில நின்னு வாசிக்கட்டும். அங்க யாரும் பாரம் தூக்கல.”

கடைசியில் யார் வருவோம்? பெண்கள் நாங்கள்தான், ஜெபமாலை சொல்லிக்கொண்டு. அடுத்த வருஷம் கோட்டில்லாமல், வெள்ளைச் சட்டையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று ஊதினார். அந்தத் தாலாட்டுப் பாட்டு. நான் எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்றைக்கும் வருஷா வருஷம் இதே கதிதான்.

ஊரில் இதை வேறு மாதிரி சொல்லுகிறார்கள். குடித்திருந்தார் என்கிறார்கள். மாதா சுரூபமே கீழே விழுந்து உடைந்தது என்கிறார்கள். மாதாவின் அற்புதம், புதுமை நடந்தது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அவர் குடிக்கிறவர் இல்லை. சப்பரம் சாய்ந்தது, விழவில்லை. உடைந்தது விளக்கு மட்டும்தான். வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாதா மேல் பாரம் போட்டுக் கேட்கிறேன், நான் எழுதி வைத்தது வைத்தபடியே சொல்லுங்கள்.